வெடிக்கப் போகிறது என்று தெரிந்தே கண்ணிவெடி மீது பாய்ந்த தமிழன்! ‘ஜார்ஜ் கிராஸ்’ சுபேதார் சுப்பிரமணியம் வீர வரலாறு

எருமப்பட்டி:

பட்டாளத்துக்காரர் வீடு என்றால் ஊரில் இன்னமும் தனி மரியாதைதான். எருமப்பட்டி, பொட்டிரெட்டிப்பட்டி, பவித்திரம், அலங்காநத்தம், வரகூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் தாத்தா மிலிட்டரியில் இருந்தார், பெரியப்பா மிலிட்டரியில் இருந்தார் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். பழைய டிரங்க் பெட்டியை கிளறினால் சாயம் போன ரிப்பனோடு ஒரு மெடலும் கிடைக்கலாம்.

அது என்ன மெடல்? எதற்கு கொடுத்தார்கள்? போருக்குப் போன எல்லோருக்கும் கொடுத்ததா? இல்லை, உயிரை பணயம் வைத்ததற்கு கொடுத்ததா? பேரப்பிள்ளைகளுக்கு பெரும்பாலும் தெரிவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள ஒரு தமிழரின் கதையை தெரிந்துகொண்டால் போதும். அவர் பெயர் சுபேதார் சுப்பிரமணியம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி நாட்டில் கண்ணிவெடி மீது பாய்ந்து படுத்து, தன்னுடன் வந்தவர்களை காப்பாற்றி உயிர் நீத்தவர். இங்கிலாந்து மன்னரின் ‘ஜார்ஜ் கிராஸ்’ பதக்கம் பெற்றவர். சினிமாக்காரர்கள் பெயரை தலைகீழாக ஒப்பிக்கும் நம்மூர் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இவர் பெயர் தெரியும்?

செங்கல்பட்டு ஜில்லாவில் பிறந்தவர்

சுப்பிரமணியம் 1912-ம் ஆண்டு பிறந்தவர். சொந்த ஊர் அப்போதைய செங்கல்பட்டு ஜில்லா கீழ ஒட்டிவாக்கம் கிராமம். வெள்ளைக்காரன் ஆட்சி காலம் அது.

அவர் சேர்ந்த படைப்பிரிவு ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’. 1780-ம் ஆண்டு தொடங்கப்பட்ட, நாட்டின் மிகப் பழைய படைப்பிரிவுகளில் ஒன்று. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் தென்னாட்டு ஆட்கள்தான் இதில் அதிகம். இந்த படை வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயரே ‘தம்பி’தான். பெங்களூருவை தலைமையிடமாக கொண்ட இந்த படை இப்போது ‘மெட்ராஸ் என்ஜினீயர் குரூப்’ என்ற பெயரில் இயங்கி வருகிறது.

சாப்பர் என்றால் யார்? துப்பாக்கி பிடிக்கவும் தெரியும், கடப்பாரை பிடிக்கவும் தெரியும். ராணுவம் முன்னேறிப் போக ரோடு போடுவது, ஆற்றில் பாலம் கட்டுவது, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடியை தோண்டி எடுப்பது, எதிரியின் முள்கம்பி வேலியை வெடி வைத்து தகர்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. முள்கம்பி வேலியை தகர்க்க உலகம் முழுவதும் ராணுவங்கள் பயன்படுத்தும் ‘பெங்களூர் டார்பிடோ’ என்ற நீண்ட குழாய் வெடி, மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் 1912-ம் ஆண்டு உருவாக்கப்பட்டது. பெயரிலேயே ஊர் இருப்பதற்கு அதுதான் காரணம். சுப்பிரமணியம் பிறந்ததும் அதே ஆண்டுதான்!

சுபேதார் பதவி லேசா?

அந்த காலத்தில் சிப்பாயாக சேருபவர் முதலில் லான்ஸ் நாயக், பிறகு நாயக், பிறகு ஹவில்தார் ஆக வேண்டும். அதற்கு மேல் ஜமேதார். அதற்கும் மேல்தான் சுபேதார். ஜமேதார் என்ற பதவியைத்தான் 1965-ம் ஆண்டுக்கு பிறகு ‘நாயிப் சுபேதார்’ என்கிறார்கள்.

சுபேதார் என்றால் வெள்ளைக்கார அதிகாரிக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நிற்பவர். அதிகாரியின் உத்தரவு இவர் வழியாகத்தான் கீழே வரும். சிப்பாய்களின் கஷ்டமும் இவர் வழியாகத்தான் மேலே போகும். ஊரில் வேலை நடக்கும் இடத்தில் மேஸ்திரி இருப்பது போல. ஆபத்தான வேலை என்றால் ஆட்களை அனுப்பிவிட்டு பின்னால் நிற்க முடியாது, கூடவே போக வேண்டும். சுப்பிரமணியம் உயிர் விட்டபோது வயது சுமார் 32. அந்த வயதுக்குள் சுபேதார் ஆகியிருந்தார்.

அவர் இருந்தது 11-வது பீல்டு பார்க் கம்பெனி. பாலம் கட்டும் தளவாடம், மண் தள்ளும் எந்திரம், பட்டறை சாமான் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மற்ற என்ஜினீயர் கம்பெனிகளுக்கு உதவுவது இதன் வேலை. நம்மூர் கணக்கில் சொன்னால் லாரி பட்டறை, பொக்லைன், போர்வெல் லாரி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது போல. இந்த கம்பெனி புகழ்பெற்ற 4-வது இந்திய டிவிஷனை சேர்ந்தது. ஆப்பிரிக்க பாலைவனத்தில் சண்டை போட்டுவிட்டு இத்தாலிக்கு வந்த டிவிஷன் அது.

இத்தாலியில் நம்ம ஆட்கள்

1943-ம் ஆண்டு நேச நாட்டு படைகள் இத்தாலியில் இறங்கின. ஜெர்மன் படை மலைகளில் பதுங்கி வழி மறித்தது. ரோம் நகருக்குப் போகும் பாதையை காசினோ என்ற ஊரில் அடைத்துவிட்டது. மேலே மலை உச்சியில் பழைய கிறிஸ்தவ மடம். கீழே ஆறு, சேறு, குளிர், மழை. 1944-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி அந்த மடத்தின் மீது விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. அடுத்தடுத்த நாட்களில் 4-வது இந்திய டிவிஷன் மலை மீது ஏறி தாக்கியது. பலத்த உயிர் சேதம். ஆனாலும் மடம் பிடிபடவில்லை. மே மாதம் 18-ந் தேதிதான் காசினோ விழுந்தது.

இத்தாலியில் மட்டும் சுமார் 50 ஆயிரம் இந்திய வீரர்கள் போரிட்டனர். 5 ஆயிரத்து 700-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர். இரண்டாம் உலகப் போர் முழுவதும் கணக்கெடுத்தால் இந்திய ராணுவத்தில் இருந்தவர்கள் 25 லட்சம் பேர். கட்டாயப்படுத்தி சேர்க்காமல், தாங்களாக பெயர் கொடுத்தவர்களை கொண்டு அமைந்த படைகளில் உலகிலேயே பெரியது இதுதான்.

அந்த நாள்: 1944 பிப்ரவரி 24

காசினோவுக்கு தெற்கே இருக்கும் ஊர் மின்யானோ. அங்கு நடந்த சண்டை 1943-ம் ஆண்டு டிசம்பர் மாதமே முடிந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் பின்வாங்கிப் போய்விட்டார்கள். ஆனால் புதைத்து வைத்த கண்ணிவெடிகளை எடுத்துக்கொண்டு போகவில்லை. மண்ணுக்குள் அப்படியே கிடந்தன.

1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி மின்யானோவுக்கு வடமேற்கே கண்ணிவெடி அகற்றும் வேலையில் சுப்பிரமணியம் குழு இறங்கியது.

இந்த வேலை எப்படி நடக்கும் தெரியுமா? முன்னால் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் நீண்ட கம்பில் பொருத்திய கருவியை இடம் வலமாக ஆட்டிக்கொண்டே அடி மேல் அடி வைத்துப் போவார். மண்ணுக்கு அடியில் இரும்பு இருந்தால் காதில் சத்தம் கேட்கும். அவருக்குப் பின்னால் வருபவர், பார்த்து முடித்த இடத்தில் வெள்ளை நாடா போட்டுக்கொண்டே வருவார். அந்த நாடாவுக்குள் நடந்தால் உயிருக்கு உத்தரவாதம். நாடாவுக்கு வெளியே கால் வைத்தால் போச்சு. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்கள்.

அன்று முன்னால் கருவியுடன் போனவர் ஒரு லான்ஸ் நாயக். அவருக்கு அடுத்து சுபேதார் சுப்பிரமணியம். அப்போது கால் பட்டு ஒரு கண்ணிவெடி முடுக்கிவிடப்பட்டது.

அது என்ன வெடி?

ஜெர்மன்காரர்கள் புதைத்த வெடிகளில் எல்லோரும் நடுங்கியது ‘எஸ்-மைன்’ என்ற வெடிக்குத்தான். மற்ற கண்ணிவெடி மிதித்தவுடன் வெடிக்கும். மிதித்தவர் கால் போகும். இது அப்படி அல்ல. மிதித்ததும் உடனே வெடிக்காது. சுமார் 4 வினாடி கழித்து மண்ணில் இருந்து இடுப்பு உயரத்துக்கு மேலே துள்ளும். துள்ளி அந்தரத்தில் வெடிக்கும். உள்ளே இருக்கும் 300-க்கும் அதிகமான இரும்பு குண்டுகள் நாலா பக்கமும் சிதறும். மிதித்தவர் மட்டும் அல்ல, சுற்றி நிற்கும் அத்தனை பேரும் காலி.

நம்ம பக்கம் கிணறு வெட்டும்போது பாறைக்கு வெடி வைப்பார்கள். திரியை கொளுத்திவிட்டு ஆட்கள் மேலே ஏறி ஓட நேரம் இருக்கும். இங்கே 4 வினாடிதான். “ஐயோ” என்று சொல்லி முடிப்பதற்குள் முடிந்துவிடும்.

பல வருட சாப்பர் அனுபவம் உள்ள சுப்பிரமணியத்துக்கு இந்த வெடியின் குணம் அத்துப்படி. ஓடினால் அவர் பிழைத்திருக்கலாம். தரையோடு தரையாக படுத்தாலும் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பக்கத்தில் லான்ஸ் நாயக். பின்னால் மற்ற ஆட்கள்.

அவர் ஓடவில்லை. வெடி மீதே பாய்ந்து படுத்தார். வெடியின் முழு வேகத்தையும் அவர் உடம்பு வாங்கியது. உடன் வந்தவர்கள் உயிர் தப்பினர். சுபேதார் சுப்பிரமணியம் வீர மரணம் அடைந்தார்.

அடுத்தவர் உயிருக்காக யோசித்து முடிவெடுக்க அவருக்கு கிடைத்தது வெறும் 4 வினாடி!

மன்னர் கொடுத்த பதக்கம்

அதே 1944-ம் ஆண்டில் சுப்பிரமணியத்துக்கு மறைவுக்குப் பிந்தைய ‘ஜார்ஜ் கிராஸ்’ பதக்கம் அறிவிக்கப்பட்டது.

இங்கிலாந்து மன்னர் 6-ம் ஜார்ஜ் 1940-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஏற்படுத்திய விருது இது. லண்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த நேரம். இடிபாடுகளுக்குள் புகுந்து மக்களை மீட்டவர்கள், வெடிக்காத குண்டுகளை செயலிழக்க வைத்தவர்கள் ஆகியோரை கவுரவிக்க விருது தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் ஜார்ஜ் கிராஸ்.

வெள்ளியில் செய்த சிலுவை வடிவ பதக்கம். நடுவில் புனித ஜார்ஜ் குதிரை மீது இருந்து டிராகனை கொல்லும் உருவம். சுற்றிலும் ‘வீரத்துக்காக’ என்ற ஆங்கில வாசகம். கருநீல ரிப்பன். பின்பக்கம் வாங்கியவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். ராணுவத்தினருக்கும் உண்டு, சாதாரண மக்களுக்கும் உண்டு. 1942-ம் ஆண்டு மால்டா என்ற தீவு முழுவதற்கும் சேர்த்து இந்த விருது கொடுக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. மால்டா நாட்டு கொடியில் இன்றும் அந்த பதக்கத்தின் படம் இருக்கிறது.

விக்டோரியா கிராஸ் ஏன் கிடைக்கவில்லை?

வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் மிகப் பெரிய விருது ‘விக்டோரியா கிராஸ்’. உயிரையே கொடுத்தவருக்கு அதை ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி வரும்.

காரணம் இதுதான். விக்டோரியா கிராஸ், எதிரிக்கு நேர் எதிரே நின்று காட்டும் வீரத்துக்கு. ஜார்ஜ் கிராஸ், எதிரி நேரில் இல்லாத இடத்தில் காட்டும் அதே அளவு வீரத்துக்கு. மின்யானோவில் அன்று சுட்டுக்கொண்டிருக்க எதிரி இல்லை. அவன் புதைத்துவிட்டுப் போன வெடிதான் இருந்தது. அதனால்தான் ஜார்ஜ் கிராஸ். வரிசையில் விக்டோரியா கிராசுக்கு அடுத்து வைக்கப்படுவது இதுதான். வீரத்தில் குறைவு என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு உதாரணம் பார்த்தால் சட்டென்று புரியும். 1948-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் காஷ்மீரில் நவ்ஷேரா - ரஜோரி பாதையில் கண்ணிவெடிகளையும் தடைகளையும் அகற்றி டாங்கிகளுக்கு வழி ஏற்படுத்தியவர் பம்பாய் சாப்பர்ஸ் படையை சேர்ந்த ராம ராகோபா ரானே. அவரும் சாப்பர்தான். அதே கண்ணிவெடி வேலைதான். ஆனால் எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போதே செய்தார். அவருக்கு நாட்டின் மிகப் பெரிய போர்க்கள விருதான பரம்வீர் சக்ரா கிடைத்தது. உயிரோடு இருந்து அதை பெற்றுக்கொண்டார்.

இப்போது என்ன விருது?

நாடு விடுதலை அடைந்த பிறகு வெள்ளைக்காரன் விருதுகள் நிறுத்தப்பட்டன. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய 3 விருதுகள் வந்தன. இவை எதிரியை நேருக்கு நேர் சந்தித்தவர்களுக்கு. 1952-ம் ஆண்டு வந்த மற்றொரு வரிசை இப்போது அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சவுர்ய சக்ரா என்று அழைக்கப்படுகிறது. இவை போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு.

பழைய விக்டோரியா கிராஸ் இடத்தில் இன்று பரம்வீர் சக்ரா. பழைய ஜார்ஜ் கிராஸ் இடத்தில் இன்று அசோக சக்ரா. இப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

தமிழர்கள் இந்த வரிசையில் பல இடங்களில் இருக்கிறார்கள்.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன்: மும்பையில் பிறந்த தமிழர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் இருந்து 1987-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி உயிர் நீத்தவர். பரம்வீர் சக்ரா.

மேஜர் முகுந்த் வரதராஜன்: 2014-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி காஷ்மீர் சோபியான் மாவட்டத்தில் தீவிரவாதிகளுடன் நடந்த சண்டையில் உயிர் நீத்தவர். அசோக சக்ரா. 2024-ம் ஆண்டு வெளியான ‘அமரன்’ படம் இவர் கதைதான்.

மேஜர் சரவணன்: திருச்சிக்காரர். 1999-ம் ஆண்டு மே 29-ந் தேதி கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர் நீத்தவர். வீர் சக்ரா.

ஹவில்தார் பழனி: ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரை சேர்ந்தவர். 2020-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி கல்வான் பள்ளத்தாக்கில் சீன ராணுவத்துடன் நடந்த மோதலில் உயிர் நீத்தவர். வீர் சக்ரா.

இவர்கள் பெயர்கள் பேப்பரில் வந்தன, டி.வி.யில் வந்தன. சுப்பிரமணியத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் இறந்தது அயல்நாட்டில், அயல்நாட்டு மன்னரின் கொடிக்கு கீழே. 3 வருடத்தில் நாடு விடுதலை அடைந்துவிட்டது. வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்களைப் பற்றி பேச அதன் பிறகு யாருக்கும் பெரிதாக ஆர்வம் இல்லை. ஆனால் அன்று அவர் காப்பாற்றியது மன்னரை அல்ல. தன்னோடு சோறு தின்ற, தன் பின்னால் நடந்து வந்த வீரர்களை. அந்த கணக்கு எந்த ஆட்சி வந்தாலும் மாறாது.

வீட்டில் இருக்கும் மெடல் எந்த ரகம்?

பெட்டியில் கிடக்கும் மெடல்களில் 2 ரகம் உண்டு. ஒன்று, போரில் பங்கேற்றதற்கான பதக்கம். மற்றொன்று, வீரச் செயலுக்கான பதக்கம்.

6 முனை உள்ள, செம்பு நிற நட்சத்திரம் என்றால் அது இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றதற்கானது. ‘1939-45 ஸ்டார்’, ‘ஆப்பிரிக்கா ஸ்டார்’, ‘பர்மா ஸ்டார்’, ‘இத்தாலி ஸ்டார்’ என்று நடுவில் எழுதியிருக்கும். எந்த நாட்டில் சண்டை போட்டார் என்பதை அதிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு பக்கம் மன்னர் தலையும் மறுபக்கம் டிராகனை மிதித்து நிற்கும் சிங்கமும் இருந்தால் அது ‘வார் மெடல்’.

விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ், இந்தியன் ஆர்டர் ஆப் மெரிட், இந்தியன் டிஸ்டிங்குவிஷ்டு சர்வீஸ் மெடல், மிலிட்டரி மெடல் போன்றவைதான் வீரச் செயலுக்கானவை. இவை அபூர்வம்.

இந்திய வீரர்களுக்கு கொடுத்த மெடல்களில் பெரும்பாலும் ஓரத்திலோ பின்பக்கத்திலோ பொடி எழுத்தில் நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு பொறிக்கப்பட்டிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும். அந்த நம்பர்தான் முக்கியம். அதை வைத்துத்தான் ராணுவ ஆவண அலுவலகத்தில் விவரம் கேட்க முடியும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். எப்படி மனு எழுதுவது என்று தெரியாதவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சர்டிபிகேட், சம்பள புத்தகம் இருந்தால் கரையான் அரிப்பதற்குள் ஜெராக்ஸ் எடுத்து வைப்பது நல்லது.

பாலிஷ் போட்டு தேய்க்க வேண்டாம். எழுத்து அழிந்துவிடும். ரிப்பனை பிய்த்து எறியவும் வேண்டாம். ரிப்பன் நிறத்தை வைத்தும் என்ன மெடல் என்று கண்டுபிடிக்கலாம்.

லண்டன் வரை போன திருட்டு

“பழைய மெடலுக்கு என்ன மதிப்பு, பித்தளை விலைதானே” என்று நினைப்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

நாயக் கிர்பா ராம் என்பவர் இமாச்சல பிரதேசத்தை சேர்ந்தவர். 1945-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பெங்களூரு அருகே தொண்டேபாவி என்ற இடத்தில் நடந்த பயிற்சியின்போது, தவறி விழுந்த கையெறி குண்டில் இருந்து தன் ஆட்களை காப்பாற்றி உயிர் விட்டவர். அவருக்கும் ஜார்ஜ் கிராஸ் கிடைத்தது. அந்த பதக்கத்தை பல வருடம் பத்திரமாக வைத்திருந்தார் அவர் மனைவி. பிறகு அது வீட்டில் இருந்து திருடு போனது. 2009-ம் ஆண்டு லண்டனில் ஒரு ஏல கம்பெனியில் விற்பனைக்கு வந்தது. இந்திய தரப்பில் எதிர்ப்பு கிளம்பியதால் ஏலம் நிறுத்தப்பட்டது.

திருடனுக்கு தெரிந்த மதிப்பு, வீட்டில் இருப்பவர்களுக்கு தெரியாமல் போகக் கூடாது. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்கு போடும் முன்பு, ஓரத்தில் இருக்கும் எழுத்தை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடலாம்.

பிள்ளைகளுக்கு சொல்லுங்கள்

இத்தாலியில் சாங்ரோ ஆற்றின் அருகே உள்ள போர் கல்லறை தோட்டத்தில், இந்து, சீக்கிய முறைப்படி எரியூட்டப்பட்ட இந்திய வீரர்களுக்கு தனி நினைவுச்சின்னம் இருக்கிறது. கடல் தாண்டிய ஊரில், மொழி தெரியாத ஆட்கள் நம்ம ஊர் பெயர்களை கல்லில் வெட்டி பராமரித்து வருகிறார்கள்.

இங்கே அந்த பெயர்களை கல்லில் வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, பிள்ளைகள் காதில் போட்டு வைக்கலாம். கீழ ஒட்டிவாக்கம் என்ற கிராமத்தில் பிறந்த ஒருவர், தன் ஆட்கள் பிழைக்க வேண்டும் என்று 4 வினாடியில் முடிவெடுத்தார். அவர் பெயர் சுபேதார் சுப்பிரமணியம்.